சிவப்புச் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி

உள் அறையிலிருந்து நீளமாக ஒரு 'பீ...ப்'. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு குட்டியாக இரண்டு 'பீப்'. முன்னறையில் மேசைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்த மனிதர் தலையை வெளியே எடுக்கவில்லை. திருகாணியைப் பல்லிடுக்கில் கடித்தபடியே, "டிஸ்ப்ளே கார்டு சரியா உக்காரல. இருடா, வரேன்," என்று அந்த மெஷினுக்குப் பதில் சொன்னார்.

"குக்கர் கத்தி ஓஞ்சு போச்சு. அதை அணைக்கக் காது கேக்கல. அந்தத் தகர டப்பா முனகினா மட்டும் பெத்த அப்பன் மாதிரி பதறுது," என்று சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"குக்கருக்கு நீ இருக்க. இதுக்கு யார் இருக்கா?"

"எனக்கு யார் இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல."

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இந்த வீட்டுக்கு எப்போது போனாலும் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டின் முன்னறைதான் கடை. சுவரோரம் மூன்று தட்டுகளில் மெஷின்கள் மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு வரிசையாகக் கிடக்கும். ஈயம் உருகிய வாசனை திரைச்சீலையில் ஏறிப்போயிருக்கும். நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருக்கும். வந்தவர்கள் நிற்க வேண்டியதுதான்.

ஆள் ஒல்லி. ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியின் ஒரு காலை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய டூத் பிரஷும் சவரம் செய்யும் பிரஷும் எட்டிப் பார்க்கும். ஒன்று தூசிக்கு, மற்றொன்று 'தூசியோட தம்பிக்கு'. பெரிய பெட்டி மெஷின் என்றால் 'டா' போடுவார். மடிக்கணினி என்றால் 'பாப்பா'. "பாப்பாவுக்கு மூச்சு முட்டுது, மெத்தை மேல வெச்சே வேலை செய்யறீங்க போல," என்பார். விசிறி ஓட்டையிலிருந்து இழுத்தெடுத்த தூசிச் சுருளை உள்ளங்கையில் வைத்து, மருத்துவமனையில் எடுத்த கட்டியைக் காட்டுவது போலச் சொந்தக்காரருக்குக் காட்டுவார். தலை குனியாதவர்கள் குறைவு.

அவருடைய வலது கை கட்டை விரலைக் கவனித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். மற்ற விரல்களில் நகம் எல்லோரையும் போலத்தான் இருக்கிறது. கட்டை விரலில் மட்டும் சதையோடு ஒட்ட வெட்டி, அதற்கும் மேலே ராவி வைத்திருப்பார். திருகாணி பொறுக்கும் தொழிலில் இருப்பவருக்கு நகம் இல்லாமல் முடியாது. கீழே விழுந்த திருகாணியை மேசை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போய், இடது கையால் ஏந்திக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அது வேணாங்க," என்றார். எது வேண்டாம் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

இன்னொரு பழக்கம், அவருக்குப் பட்டப்பெயரே வாங்கிக் கொடுத்தது. எந்தப் பெட்டி மெஷின் அவர் கையை விட்டுப் போனாலும் அதன் முதுகில், மின்சாரக் கம்பி சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். காயத்துக்குப் போடுவோமே, அதே மருந்துக்கடைப் பிளாஸ்திரி. பழைய மெஷின்களில் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் எவ்வளவு என்பதற்கு ஏற்றபடி அதை ஒரு பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். அதை யாரும் தொடுவதில்லை. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அவர் அதன் மேல் பிளாஸ்திரியை ஒட்டி, நகமில்லாத அந்தக் கட்டை விரலால் நான்கு ஓரமும் அழுத்தி விட்டுத்தான் மெஷினைக் கொடுப்பார். தெருவில் அவருக்குப் பெயர் 'பிளாஸ்திரி'. "பிளாஸ்திரி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வருவார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"வைரஸ்தானே?"

அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருக்கும். வீட்டில் மெஷின் செத்துப்போனால் யார் கை பட்டது என்ற விசாரணை தொடங்கிவிடும் அல்லவா? வைரஸ் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் விசாரணை முடிந்தது. வானத்திலிருந்து வந்தது, காற்றில் வந்தது, யார் என்ன செய்ய முடியும்? ஒரு பெரியவர், வைரஸ் அண்டாமல் இருக்கட்டும் என்று பெட்டிக்குள் அந்துருண்டைகளைப் போட்டு மூடி வைத்திருந்தார். அவை விசிறியில் சிக்கி, இறக்கை ஒடிந்து, கடைசியில் மெஷின் சூடேறிப் படுத்துவிட்டது. "அப்ப வைரஸ் இல்லையா?" என்று கேட்டார். "இல்லீங்க. ஒரு பூச்சியும் இல்லை. உங்க மெஷின் மட்டும்தான் ஓடிப்போச்சு," என்றார் பிளாஸ்திரி.

இன்னொருவர் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர். கீபோர்டைக் கவிழ்த்ததும் சர்க்கரைப் பாகு ஒழுகியது. மனைவி பக்கத்தில் நிற்கிறாள். அவர் கண்ணாலேயே ஜாடை காட்டுகிறார். "வைரஸ்னு சொல்லிடுங்களேன்," என்று உதடு அசைகிறது. பிளாஸ்திரி அந்த அம்மாளைப் பார்த்தே சொன்னார்: "டீ கொட்டியிருக்கும்மா. சர்க்கரை தூக்கல்."

"சர்க்கரையே வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்!" என்று அந்த அம்மாள் அலற, கணக்கர் அந்தக் கடைக்கு மறுபடியும் வரவேயில்லை. இப்படிப் போன வாடிக்கையாளர்கள் நிறையப் பேர். அடுத்த தெருவில் ஒரு கடை இருக்கிறது. அங்கே தும்மினால்கூட வைரஸ் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்புவார்கள். கூட்டம் அங்கேதான்.

நானும் இதைத் தொழில் கர்வம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் நேராகவே கேட்டேன். வைரஸால் கம்ப்யூட்டரை எரிக்க முடியுமா, முடியாதா?

கையிலிருந்த, ஈயம் உருக்கும் சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "வைரஸ்னா எழுத்துங்க. எவனோ உக்காந்து எழுதினது. எழுத்து எழுத்தைத்தான் கெடுக்கும். உள்ளே நீங்க எழுதி வெச்சதை அழிக்கும், பூட்டி வைக்கும், திருடும். செம்புக் கம்பிய அதால எரிக்க முடியாது. ரொம்ப வேலை வாங்கிச் சூடாக்கலாம். சூடு ஏறினா மெஷினே படுத்துக்கும், சாகாது. போர்டுல சின்னதா ஒரு சிப் இருக்கு. காலையில மெஷினை எழுப்பறது அதுதான். அதுக்குள்ள இருக்கற எழுத்தையே அழிக்கற ஜாதியும் உண்டு. அப்ப மெஷின் செத்த மாதிரிக் கிடக்கும். ஆனா செத்துடல. திரும்ப எழுதி விட்டா எந்திரிச்சு உக்காந்துக்கும். புகை வந்துச்சு, வெடிச்சுது, கருகிப்போச்சுன்னா..." என்று நிறுத்தினார். "அது மனுஷன் பண்ணது." சூட்டுக்கோலை எடுத்தார். ஆறிப்போயிருந்தது போலும், மறுபடியும் வைத்துவிட்டார்.

நான் இப்போது சொல்ல வந்தது போன வாரம் என் மெஷினைத் திரும்ப வாங்கப் போன நாளைப் பற்றி. மேசைக்கு அடியிலிருந்து அவர் வெளியே வந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முகம் மழித்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பையில் டூத் பிரஷ் இல்லை. பிரிண்டரை நாற்காலியிலிருந்து இறக்கிக் கீழே வைத்து, நாற்காலியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பொண்ணு பாக்க வராங்களா?" என்று கேட்டேன்.

சிரிக்கவில்லை. உள் அறைக்குப் போய்விட்டார். அவர் மனைவி இரண்டு டம்ளரில் டீயோடு வந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றொன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"காலையிலேருந்து பச்சைத் தண்ணி இறங்கலக்கா அவருக்கு. இன்னிக்கு அந்தம்மா வராங்க. இன்னிக்கும் வாயைத் திறக்கலேன்னா இந்த வீட்டுல சாப்பாடே கிடையாதுன்னு சொல்லியிருக்கேன். அவருக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான்."

எந்த அம்மா, என்ன சொல்ல வேண்டும் என்று அவர்தான் சொன்னார். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு மெஷினை இவர் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார். கொண்டுபோய் வைத்த அன்றைக்கே அது வெடித்துக் கருகிவிட்டது. தப்பு இவருடையது. போய்ப் பார்த்தவுடனே இவருக்கு அது தெரிந்தும்விட்டது. ஆனால் அந்த வீட்டு மருமகள் பென்டிரைவைச் சொருகி மெஷினைப் போட்ட நேரத்தில் வெடித்ததால், அவள் கொண்டுவந்த வைரஸ்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இவரும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த மெஷினுக்குள் அந்த வீட்டுப் பெரியவரின் குரல் இருந்தது. செத்துப்போனவரின் குரல்.

"அந்தப் பொண்ணை அந்த வீட்டுல இன்னிக்கு வரைக்கும் எதையும் தொட விடறதில்லையாம்," என்றார். "எனக்கே போன வாரம்தான் சொன்னார். அதுவும் எப்படி? அந்தக் குரலைத் திரும்ப எடுத்துட்டார் இல்ல, அதைக் கேட்டுக்கிட்டே தேம்பித் தேம்பி அழறார். என்னமோ ஏதோன்னு ஓடிப்போய் விளக்கைப் போட்டா, மனுஷன் சுவத்தோட முகத்தை வெச்சு நிக்கறார்."

கருகிய டிஸ்க்கை இவர் தூக்கி எறியவே இல்லையாம். 'பார்க்கறேம்மா' என்று சொல்லி அந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. எழுத்தெல்லாம் பதிந்திருக்கும் அந்த டிஸ்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் பச்சைத் தகடுதான் எரிந்திருந்தது. அச்சு அசல் அதே ஜாதித் தகடு இன்னொன்று கிடைத்தால் உயிர் கொடுத்துவிடலாம். பழைய இரும்புக் கடைகளில் செத்த மெஷின்களைப் புரட்டிப் புரட்டித் தேடியிருக்கிறார். மனைவி கேட்டால் "ஒரு பார்ட்டு வேணும்" என்பாராம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் துருவுக்குள் போயினவோ! கடைசியில் கிடைத்தது. எரிந்த தகட்டிலிருந்து ஒரு சிப்பை மட்டும் பிடுங்கிப் புதியதில் ஒட்டி, டிஸ்க்கைச் சுழல விட்டிருக்கிறார். சுழன்றது.

வாசலில் ஒரு வண்டி நின்றது.

வந்த அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். நல்ல உயரம். தலைமுடி பஞ்சாக வெளுத்திருந்தாலும் முதுகு வளையவில்லை. பின்னாலேயே மருமகள். முப்பதுக்குள்தான் இருப்பாள். மாமியாரின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் சுமந்துகொண்டு வந்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கப் போனாள்.

"நீ அங்கேயே நில்லு," என்றார் அந்த அம்மாள், திரும்பிப் பார்க்காமலே. "உன் கை பட்டா இங்க இருக்கறதெல்லாம் வெடிச்சுடும். பாவம், அவர் கடை வெச்சுப் பொழைக்கறவர்." சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன வேடிக்கைப் பேச்சு. அதுதான் கொடுமை. அந்தப் பெண்ணும் லேசாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலைப் பின்னால் எடுத்து நிலைக்கு வெளியே நின்றுகொண்டாள். இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து, எதன் மீதும் படாதபடி மடக்கி வைத்துக்கொண்டாள்.

பிளாஸ்திரி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா," என்று நாற்காலியைக் காட்டினார். "குரல் வந்துடுச்சு."

"நிஜமாவா தம்பி?"

அவர் ஒரு பட்டனைத் தட்டினார். கரகரவென்று ஓர் இரைச்சல். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு ஓர் ஆண் குரல், குழந்தைக் குதூகலத்தோடு: "ஹலோ, ஹலோ... ஓடுதா இது? ஓடுது! ஏய், இங்க வாயேன். வந்து ரெண்டு வார்த்தை பேசு. உன் குரலைப் புடிச்சு வெச்சுக்கறேன்." தூரத்தில் பாத்திரம் உருளும் சத்தம். ஒரு பெண் குரல், இதே அம்மாளின் குரல், எரிச்சலோடு: "எனக்கு வேலை கிடக்கு. நீங்களே பேசிக்குங்க." ஆண் குரல் சிரிக்கிறது. "கேட்டுக்குங்க ஜனங்களே! இவதான் என் சம்சாரம்."

அவ்வளவுதான். மறுபடியும் இரைச்சல்.

அந்த அம்மாளின் முகத்தை எப்படி எழுதுவது! உதடுகள் மட்டும் அசைந்தன. "வேலை கிடக்கு... வேலை கிடக்கு," என்று தன் வார்த்தையையே தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பு முகத்துக்குப் போனது. நிலைக்கு வெளியே நின்ற மருமகள் தன்னை மறந்து ஓர் அடி முன்னே வந்து, நினைவு வந்தவளாய்ப் பின்னுக்குப் போனாள். சமையலறை வாசலில் நின்ற பிளாஸ்திரியின் மனைவி கையில் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

அழுது முடித்த அந்த அம்மாள் எழுந்து வந்து பிளாஸ்திரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்ப்பா. எம் மருமக தொலைச்சதை நீ மீட்டுக் குடுத்துட்ட. இவ பண்ண பாவத்தை நீ கழுவிட்ட."

இந்த மனிதருக்கு அந்த நிமிடத்தில் ஒரு வழி இருந்தது. கையைக் கூப்பி, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று அனுப்பியிருக்கலாம். குரல் கிடைத்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் கண் ஒரு கணம் அந்த வழிக்குப் போய் வந்ததை நான் பார்த்தேன். சமையலறை வாசலிலிருந்து, "என்னங்க," என்று ஒரே ஒரு சொல் வந்தது.

அந்த அம்மாளின் பிடியிலிருந்து கைகளை உருவிக்கொண்டார். தட்டிலிருந்து, மெஷினுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் ஒரு பழைய பவர் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். முதுகுப் பக்கத்தைத் திருப்பினார். அந்தச் சிவப்புச் சுவிட்ச்.

"வைரஸ் எரிக்காதும்மா," என்றார்.

"என்னப்பா?"

"வைரஸால மெஷினை எரிக்க முடியாது. உங்க மருமக எதையும் கொண்டு வரல. எரிச்சது நான்."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "என்னமோ சொல்றியே. நீதானே வந்து பார்த்துட்டு வைரஸ்னு சொன்ன? பேப்பர்லகூடப் போடறாங்களே, வைரஸ் வந்தா கம்ப்யூட்டரே போயிடும்னு."

"போறது வேற, எரியறது வேறம்மா. அன்னிக்கு உங்க மெஷினை முழுசாச் சுத்தம் பண்ணி, ஓட விட்டுப் பார்த்து, நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சப்பறம்தான் நிறுத்தினேன். அதோட விட்டிருக்கலாம். கடைசியா முகம் துடைச்சு அனுப்பணும்னு எனக்கு ஒரு கிறுக்கு. ஸ்குரூ டிரைவர் முனையில துணியைச் சுத்தி இந்தப் பள்ளத்துல விட்டுத் துடைச்சேன். இந்தச் சுவிட்ச் அந்தப் பக்கம் நகர்ந்துடுச்சு. நான் கவனிக்கல." ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தள்ளிக் காட்டினார். 'டக்'. அவ்வளவு சின்னச் சத்தம். "இப்படி இருந்தா, சுவத்துல வர்றதுல பாதி கரண்டுதான் வரும்னு இது நம்பிக்கிட்டிருக்கும். முழுசா வந்தா தாங்காது. வெடிச்சு, போற போக்குல டிஸ்க்கையும் கருக்கிட்டுப் போயிடுச்சு. பென்டிரைவ் சொருகினாலும் சொருகலேன்னாலும் வெடிச்சிருக்கும். யார் போட்டிருந்தாலும் வெடிச்சிருக்கும். நீங்க போட்டிருந்தாலும்."

உள் அறையில் அந்த மெஷின் மறுபடியும் நீளமாக முனகிவிட்டு, குட்டியாக இரண்டுமுறை கத்தி ஓய்ந்தது. அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்கு வந்து பின்னாடி குனிஞ்சு பார்த்தேன். சுவிட்ச் மாறிக் கிடந்தது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பத்தான் நீங்க முன்னாடியிருந்து கேட்டீங்க. 'தம்பி, இவ சொருகிப் போட்ட உடனே வெடிச்சுது, வைரஸா?'ன்னு. நான்..." கட்டை விரலைப் பார்த்தார். "இந்த நகத்தாலதான் சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன், யாரும் பாக்கறதுக்குள்ள. தள்ளிக்கிட்டே, 'இருக்கலாம்மா'ன்னு சொன்னேன். இந்தப் பொண்ணு அப்பவும் சுவத்தோரமா இப்படித்தான் நின்னுக்கிட்டிருந்தது."

அந்த அம்மாள் நெடுநேரம் அந்தச் சிவப்புச் சுவிட்சையே பார்த்தார். அவர் திட்டுவார், கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"மெஷினை மட்டுமாப்பா எரிச்ச? எம் வாயில நெருப்பைப் பொருத்தி விட்டுட்டியே. இத்தனை வருஷம் நான் இவளை என்னென்ன..." முடிக்கவில்லை. எழுந்தார். நிலையைத் தாண்டும்போது மருமகளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. ஆனால் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே கடந்துபோனார். ஐயோ, அது கோபம் இல்லை. பார்க்க முகமில்லை அவருக்கு. வளையாத அந்த முதுகு, படி இறங்கும்போது வளைந்திருந்தது. வண்டிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கணவரின் குரலை ஏற்றி வைத்திருந்த பென்டிரைவ் மேசை மேலேயே கிடந்தது. மறந்துவிட்டார்.

மருமகள் அதைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். பிறகு நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள். மெஷின்களுக்கு நடுவில், எதன் மீதும் படாமல் ஒடுங்கி நடந்து வந்து, மேசை அருகில் நின்றாள். கை நீளவில்லை.

"எடுத்துக்கம்மா," என்றார் பிளாஸ்திரி. "ஒண்ணும் ஆகாது."

"தெரியும்ண்ணே. இப்பத்தான் சொன்னீங்களே."

எடுத்துக்கொண்டாள். அதைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழவில்லை, கோபமும் இல்லை. ஏதோ விலாசம் விசாரிப்பவள் போலச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அன்னிக்கு நான் எதுக்குப் பென்டிரைவ் போட்டேன்னு தெரியுமாண்ணே? மாமா குரலை இன்னொரு காப்பி எடுத்து வெச்சுக்கலாம்னுதான். மெஷின் பழசாச்சே, எப்பவாவது போயிட்டா அத்தை தாங்க மாட்டாங்கன்னு."

அவர் தலை குனிந்தார்.

"அந்தப் பென்டிரைவ்ல எங்கம்மா இருந்தாங்க. போட்டோ, நான் சின்ன வயசுல அவங்களோட பேசினது, எல்லாம். வேற எங்கயும் இல்லை. அவங்களும் இல்லை."

பிளாஸ்திரி சட்டென்று தலையைத் தூக்கினார். இத்தனை வருடத் தேடலும் அந்த முகத்தில் ஒரே நொடியில் வெளிச்சமாக ஏறியது. "குடும்மா! என்கிட்ட குடு. எப்படி இருந்தாலும் எடுத்துத் தரேன். உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லை. எத்தனை நாள் ஆனாலும்..."

"இல்லண்ணே." அவள் தலையை ஆட்டினாள். "அத்தை சொன்னாங்கன்னு இல்லை. நீங்களும் சொன்னீங்க இல்ல, தெரிஞ்சவங்க. நானே நம்பிட்டேன். இதுல என்னமோ இருக்கு, இனிமே வேற யார் வீட்டுக்கும் போயிடக் கூடாதுன்னு, கல்லால நசுக்கி ஆத்துல போட்டுட்டேன்."

வெளியே வண்டிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"வரேண்ணே. வரேங்கக்கா," என்று சமையலறைப் பக்கமும் சொன்னாள். இத்தனைக்குப் பிறகும் சொல்லிக்கொண்டு போகத் தவறவில்லை அந்தப் பெண்! செருப்பை மாட்டிக்கொண்டு, போகிறபோது கதவை இழுத்துச் சாத்தினாள். தட்டில் இருந்த மெஷின்கள் அதிராதபடி, பிடியைக் கடைசி வரை விடாமல், மெதுவாக.

வாடிக்கையாளர் யார் வந்தாலும் தெரு வரை கூடவே போய் வண்டி ஏற்றிவிடுகிற மனிதர், நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவர் மனைவி ஆறிப்போன டீயை மேசையின் ஓரத்தில் வைத்தார். சாப்பிடக் கூப்பிடவில்லை. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. எனக்காகத் தயாராக வைத்திருந்த என் மெஷினைத் தன் பக்கம் திருப்பி, அதன் முதுகில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் கட்டை விரலால் அழுத்தினார். ஒரு ஓரம், மறு ஓரம், மறுபடியும் முதல் ஓரம். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. சாத்திய கதவைப் பார்த்தபடி அழுத்திக்கொண்டே இருந்தார்.